பாசியில் படிந்த ஈயம்

காற்றில் கலந்து வரும் ஈயம், காட்மியம், பாதரசம் போன்ற கன உலோகங்களைப் பாசியைக் கொண்டு அளக்கும் முறை, 1960களின் இறுதியில் தெற்கு ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் உருவானது. குளத்தில் படரும் பாசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஈரப் பாறையிலும் மரப்பட்டையிலும் காட்டுத் தரையிலும் அடர்ந்து வளரும், தாவரவியல் பாடநூல்கள் மாஸ் என்று குறிப்பிடும் பூவாத் தாவரங்களே இங்கே பாசி எனப்படுகின்றன. அவற்றில் ஒரு பிடி பறித்து, உலர்த்தி, அமிலத்தில் கரைத்து, எந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால், கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்த இடத்தின்மேல் வானிலிருந்து என்ன விழுந்தது என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். முறை இவ்வளவுதான். விலையுயர்ந்த கருவி எதையும் காட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தாமலே, ஒரு கண்டம் முழுவதற்கும் உலோகப் படிவு வரைபடம் வரைய இது போதுமானதாக இருந்தது.

தாவரத்தைப் பார்த்துக் காற்றை மதிப்பிடும் எண்ணம் அதற்கும் நூறாண்டு மூத்தது. பின்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நைலாண்டர், பாரிஸ் நகரின் லக்சம்பர்க் பூங்காவில் வளர்ந்த லைக்கன்களை ஆராய்ந்து 1866இல் எழுதினார். நகரின் மற்ற இடங்களில் அருகிப்போன லைக்கன்கள் அந்தப் பூங்காவில் மட்டும் நிறைந்திருந்ததைக் கண்டு, காற்றின் தூய்மைக்கு அவை அளவுகோலாகலாம் என்றார். பிற்காலத்தில் நிலக்கரிப் புகை பெருகியபோது பூங்காவிலிருந்தும் அவை மறைந்தன. ஆனால் லைக்கன் தந்த செய்தி இருக்கிறது, இல்லை என்பதோடு நின்றுவிட்டது. கந்தகப் புகை மிகுந்தால் அது செத்துப்போகும். செத்தபின் சொல்வதற்கு ஒன்றுமில்லை. உலோகத்துக்குப் பாசி அவ்வளவு எளிதில் பலியாவதில்லை. வந்ததை உடம்பில் வாங்கிவைத்துக்கொண்டு வளர்ந்துகொண்டே இருக்கும். அளப்பவருக்கு வேண்டியது இந்தக் குணம்.

அதற்குக் காரணம் பாசியின் உடலமைப்பு. பாசிக்கு வேர் கிடையாது. அடியில் இருக்கும் நுண்ணிய இழைகள் பற்றிக்கொள்ள உதவுமே தவிர, மண்ணிலிருந்து சத்தை உறிஞ்சும் வேலையைப் பெரிதாகச் செய்வதில்லை. மரம் செடிகளின் இலைமேல் இருக்கும் மெழுகுத் தோல் பாசியில் அனேகமாக இல்லை. இலையும் பெரும்பாலும் ஒரே ஓர் உயிரணு அடுக்குத் தடிமன்தான். எனவே அதற்கு வேண்டிய நீரும் உப்பும் மழையிலும் பனியிலும் தூசியிலும் வந்து நேரே இலைக்குள் சேர வேண்டும். அந்த வழியிலேயே உலோகமும் சேர்கிறது. பாசியின் உயிரணுச் சுவரில் உள்ள அமிலத் தன்மை கொண்ட சர்க்கரைச் சேர்மங்கள் எதிர்மின்னேற்றம் உடையவை; நேர்மின்னேற்றம் கொண்ட உலோக அயனிகளை அவை பற்றிக்கொள்கின்றன. உயிரற்ற பாசிகூட இதைச் செய்யும். எல்லா உலோகத்தையும் ஒரே பிடியாகப் பிடிப்பதில்லை. ஈயமும் செம்பும் இறுகப் பற்றப்படுகின்றன. நிக்கலும் கோபால்ட்டும் அடுத்த நிலை. துத்தநாகமும் மாங்கனீசும் எளிதில் கழன்றுவிடும். இந்த வரிசையை 1970இல் ஆய்வகச் சோதனைகள் மூலம் வெளியிட்டவர்களும், முறையைத் தொடங்கிவைத்த ஓகே ரூலிங், கெர்முண்ட் டைலர் ஆகிய இருவரே.

1960களின் ஸ்வீடனில் காற்று பெரும் பேச்சாக இருந்தது. மண்ணியல் அறிஞர் ஸ்வான்டே ஓடேன் 1967இல் ஒரு நாளிதழில் எழுதிய கட்டுரை, ஸ்காண்டிநேவிய ஏரிகளை அமிலமாக்கும் மழையின் கந்தகம் பிரிட்டனிலிருந்தும் மத்திய ஐரோப்பாவிலிருந்தும் வருகிறது என்று வாதிட்டது. அதே ஆண்டில் ஸ்வீடன் அரசு சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கெனத் தனித் துறை அமைத்தது. கந்தகம் எல்லை தாண்டும் என்றால் ஈயம் தாண்டாதா என்ற கேள்வி இயல்பாக எழுந்தது. அதற்கு விடை காண அன்று இருந்த வழி, மழைநீரைச் சேகரித்து அளப்பது. ஒரு லிட்டர் மழையில் கிராமின் பத்து லட்சத்தில் சில பங்கே இருக்கும் ஈயத்தை அளப்பதற்குள், சேகரித்த புட்டியிலிருந்தும் ஆய்வகத் தூசியிலிருந்தும் அதைவிட அதிக ஈயம் கலந்துவிடும் அபாயம் இருந்தது. பாசியிலோ, ஆண்டுக்கணக்கில் சேர்ந்த உலோகம் செறிந்து கிடந்தது. சாதாரணக் கருவிக்கும் எட்டும் அளவு அது.

ரூலிங்கும் டைலரும் தேர்ந்தெடுத்தது ஹைலோகோமியம் ஸ்பிளெண்டென்ஸ் என்னும் காட்டுப் பாசி. ஸ்வீடன் நாட்டு ஊசியிலைக் காடுகளில் தரை தெரியாமல் படர்ந்திருப்பது அது. மரக்கட்டை வீடுகளின் இடுக்குகளில் குளிர் புகாமல் அடைப்பதற்கு அந்நாட்டு மக்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தியதால் வீட்டுப் பாசி என்றே அதற்கு ஸ்வீடிஷ் மொழியில் பெயர். அதன் வளர்ச்சியில் ஒரு வசதி உண்டு. ஒவ்வோர் ஆண்டும் முந்தைய ஆண்டின் தண்டு நடுவிலிருந்து ஒரு புதிய கிளை கிளம்பி, இறகு போல விரிந்து, படிக்கட்டாக மேலேறும். படிகளை எண்ணினால் எந்தப் பகுதி எந்த ஆண்டில் வளர்ந்தது என்று சொல்லிவிடலாம். மேலே உள்ள மூன்று படிகளை மட்டும் கத்தரித்து எடுத்தால், மூன்று ஆண்டுப் படிவு கைக்கு வந்துவிடும்.

இருவரும் 1968இல் வெளியிட்ட கட்டுரை ஈயத்தைப் பற்றியது. அதில் நெடுஞ்சாலைகளை ஒட்டிய தாவரங்களின் அளவுகளும் உண்டு. சாலையை விட்டு விலக விலக ஈயம் குறைவதும் காட்டப்பட்டது. ஆயினும் அந்தக் கட்டுரை இன்றுவரை பேசப்படுவதற்குக் காரணம் வேறு. ஸ்வீடனின் தென்கோடி மாநிலமான ஸ்கோனேயில் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாவரவியலாளர்கள் பறித்து, உலர்த்தி, காகிதத்தில் மடித்து, பறித்த ஊரும் நாளும் எழுதிவைத்த பாசி மாதிரிகள் உலர்தாவரச் சேகரிப்புகளில் இருந்தன. அவற்றைச் சேர்த்தவர்களுக்கு இனங்களைப் பெயரிட்டு வகைப்படுத்துவதே நோக்கம். காற்றைப் பற்றி அவர்கள் நினைத்திருக்க வழியில்லை. ரூலிங்கும் டைலரும் அந்தப் பழம்பாசியிலிருந்து சிறிதளவு எடுத்து ஈயத்தை அளந்தார்கள். 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் பறித்த பாசியில், உலர் எடையில் பத்து லட்சத்துக்குச் சுமார் 20 பங்கு ஈயம். நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியில் அது 40 முதல் 50 வரை உயர்கிறது. அதன்பின் அரை நூற்றாண்டுக்குப் பெரிய மாற்றமில்லை. 1950க்குப் பிறகு மீண்டும் ஏறத் தொடங்கி, 1968இல் 80 முதல் 90 பங்கைத் தொடுகிறது.

இரண்டு ஏற்றங்கள், இரண்டுக்கும் தனித்தனிக் காரணம். முதலாவது, நிலக்கரியும் உலோக உருக்காலைகளும் பெருகிய தொழில்மயக் காலம். இரண்டாவது, மோட்டார் வாகனம். எஞ்சினில் தட்டல் எழாமல் இருக்க டெட்ராஎதில் ஈயத்தைப் பெட்ரோலில் கலக்கலாம் என்று அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி 1921இல் கண்டறிந்திருந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவில் கார்கள் பெருகியபோது அந்த ஈயம் புகைக்குழாய் வழியே காற்றில் கலந்தது. முதல் ஏற்றத்துக்குமுன் இருந்த 20 பங்கையும் தூய காற்றின் அளவாகக் கொள்ள முடியாது. சுரங்கமும் உருக்கு வேலையும் ஐரோப்பாவில் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே தொடங்கிவிட்டவை.

அடுத்த ஆண்டே, 1969இல், கிளேர் பேட்டர்சனும் அவரது சகாக்களும் கிரீன்லாந்தின் பனி அடுக்குகளை வெட்டி எடுத்து ஈயத்தை அளந்து வெளியிட்டார்கள். அங்கும் தொழிற்புரட்சியோடு ஓர் ஏற்றம், 1940க்குப் பிறகு செங்குத்தாக இன்னோர் ஏற்றம். பனியைத் தோண்டத் துருவப் பகுதிக்குப் போக வேண்டியிருந்தது. மாசு கலக்காமல் வெட்டி எடுக்கப் பெரும்பாடு பட வேண்டியிருந்தது. பாசிக்குச் சேகரிப்பு அறையின் இழுப்பறையைத் திறந்தால் போதும். இரு சான்றுகளும் ஒன்றையொன்று தாங்கி நின்றன என்பதால்தான், பெட்ரோல் ஈயம் பற்றிய வாதத்தில் அவற்றைத் தள்ளிவிடுவது கடினமாயிற்று.

பழம்பாசியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவும் முடியாது. பூச்சி அரிக்காமல் இருக்க அக்காலத்தில் உலர்தாவரங்களுக்குப் பாதரசக் குளோரைடு பூசும் வழக்கம் பரவலாக இருந்தது. அப்படிப்பட்ட சேகரிப்பில் பாதரசத்தை அளந்தால் கிடைப்பது காற்றின் வரலாறாக இராது, பராமரித்தவரின் கைவேலையின் வரலாறாகவே இருக்கும். ஈயத்துக்கு இந்தச் சிக்கல் குறைவு. அதில் இன்னொரு சோதனைக்கும் இடமுண்டு. ஈயத்தின் ஐசோடோப்புகளான 206க்கும் 207க்கும் உள்ள விகிதம், தாது எந்தச் சுரங்கத்தில் பிறந்தது என்பதைப் பொறுத்து மாறும். ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் சுரங்கத்து ஈயத்தில் அந்த விகிதம் 1.04 அளவில் மிகக் குறைவு; பிரிட்டனின் நிலக்கரியிலும் உள்நாட்டுத் தாதுவிலும் 1.17, 1.18 என்று கூடுதல். ஸ்காட்லாந்தில் 1838 முதல் 2000 வரை பறித்துவைக்கப்பட்ட ஸ்பாக்னம் பாசிகளை ஆராய்ந்தபோது, பத்தொன்பதாம் நூற்றாண்டு மாதிரிகள் உள்நாட்டு விகிதத்தைக் காட்டின. இருபதாம் நூற்றாண்டில், ஆஸ்திரேலியத் தாது சேர்ந்த பெட்ரோல் ஈயம் பரவப் பரவ, விகிதம் இறங்கியது. ஈயமற்ற பெட்ரோல் வந்தபின் மறுபடி ஏறத் தொடங்கியது. எவ்வளவு ஈயம் என்பதோடு எங்கிருந்து வந்த ஈயம் என்பதையும் பாசியிடம் கேட்க முடிந்தது.

காலத்தின் வழியே பின்னோக்கிச் சென்ற அதே ஆய்வாளர்கள் நிலத்தின் குறுக்கேயும் சென்றார்கள். 1960களின் இறுதியில் ஸ்காண்டிநேவியா நெடுகப் பாசி பறித்து அவர்கள் 1971இல் வெளியிட்ட ஆய்வு, தென்மேற்கில் ஈயமும் காட்மியமும் மிகுந்து, வடக்கே போகப் போகப் படிப்படியாகக் குறைவதைக் காட்டியது. தெற்கில் தொழிற்சாலைகள் இல்லாத ஊசியிலைக் காடுகளிலும் அளவு உயர்ந்தே இருந்தது. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறது என்பதே அதற்கு விளக்கம். நார்வேயில் கதிரியக்க வேதியியலாளர் ஐலிவ் ஸ்டைன்னஸ் 1977இல் நாடு தழுவிய முதல் பாசி ஆய்வை நடத்தினார். அணு உலையில் நியூட்ரான்களால் மாதிரியைத் தாக்கி, அது உமிழும் கதிர்களைக் கொண்டு தனிமங்களை அடையாளம் காணும் நுட்பத்தில் கைதேர்ந்தவர் அவர். தெற்கு நார்வேயின் பாசியில் ஈயம் வடக்கைவிடப் பல மடங்கு மிகுந்திருந்தது. சொந்தப் புகைபோக்கிகள் அதிகமில்லாத அந்தக் கடலோரத்துக்கு அது கடல் கடந்து வந்த சரக்கு.

இதே காலத்தில் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் வேறொரு கிளை முளைத்தது. ஸ்வான்சீ நகரை ஒட்டிய பள்ளத்தாக்கில் 1717 முதல் செம்பு உருக்கினார்கள். பின்னர் துத்தநாகம், ஈயம், நிக்கல் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் எழுந்தன. இருநூறு ஆண்டுப் புகையில் மலைச்சரிவுகள் மொட்டையாகிவிட்டன. நல்ல பாசி வளராத இடத்தில் எதைப் பறித்து அளப்பது? கார்டன் குட்மேனும் டி. எம். ராபர்ட்ஸும், தூய்மையான பகுதியில் வளர்ந்த ஹிப்னம் பாசியை எடுத்துவந்து, நைலான் வலைப் பைகளில் இட்டு, வேண்டிய இடங்களில் தொங்கவிட்டார்கள். சில வாரங்கள் கழித்து இறக்கி அளந்தபோது, ஆலைகளுக்கு எந்தத் திசையில் எவ்வளவு தொலைவில் எவ்வளவு உலோகம் விழுகிறது என்பது புலப்பட்டது. 1971இல் நேச்சர் இதழில் வெளிவந்த இந்தப் பாசிப்பை முறை, சில ஆண்டுகளில் பிரிஸ்டலை அடுத்த ஏவன்மவுத் துத்தநாக ஆலையைச் சுற்றிலும் கையாளப்பட்டது. அங்கே ஹிப்னத்துக்குப் பதில் ஸ்பாக்னத்தை வைத்தார்கள். தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சும் ஸ்பாக்னம், முதல் உலகப் போரில் காயக்கட்டுக்குப் பஞ்சுக்கு மாற்றாக உதவியது. அதே உறிஞ்சும் குணமும் அயனிகளைப் பற்றும் திறனும் இங்கே பயன்பட்டன. காட்டுப் பாசி நாடுகளை ஒப்பிட உதவியது. பாசிப்பை தெருவுக்குத் தெரு ஒப்பிட உதவியது. இந்த வேலைப் பிரிவினை இன்றும் அனேகமாக அப்படியே நிற்கிறது.

1980இல் டென்மார்க்கும் ஸ்வீடனும் கூட்டாக ஓர் ஆய்வு நடத்தின. 1985இல் வட ஐரோப்பிய நாடுகள் சேர்ந்துகொண்டன. 1990ஐ ஒட்டி இருபது நாடுகள் அளவில் ஐரோப்பிய ஆய்வாக அது விரிந்தது. அன்றிலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. பெர்லின் சுவர் விழுந்த வேளை அது. கிழக்கு ஐரோப்பாவின் உருக்காலைப் பகுதிகள் முதன்முறையாக மேற்கோடு ஒரே வரைபடத்தில் இடம்பெற்றன. 2005ஐ ஒட்டிய சுற்றில் 28 நாடுகளிலிருந்து 6,000க்குச் சற்றே குறைந்த இடங்களில் பாசி பறிக்கப்பட்டது. எல்லை தாண்டும் காற்று மாசு பற்றி 1979இல் ஜெனீவாவில் கையெழுத்தான உடன்படிக்கையின் கீழ் இயங்கும் தாவர ஆய்வுத் திட்டம் இந்தப் பணியை ஏற்றுக்கொண்டது. ஒருங்கிணைப்பு முதலில் ஸ்வீடனிலும், 2001 முதல் வேல்ஸின் பாங்கர் நகரிலும், 2014 முதல் ரஷ்யாவின் துப்னா அணு ஆய்வு நிலையத்திலும் இருந்தது. அணு ஆய்வு நிலையத்துக்குப் பாசியோடு என்ன வேலை என்று தோன்றலாம். துப்னாவின் துடிப்பு உலை, ஸ்டைன்னஸ் கையாண்ட அதே நியூட்ரான் நுட்பத்தால் ஒரே மாதிரியில் பல தனிமங்களை ஒருசேர அளக்க வல்லது.

இத்தனை நாடுகளின் எண்கள் ஒப்பிடத்தக்கவையாக இருக்க வேண்டுமானால் பறிக்கும் முறை ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கான விதிகள் சமையல் குறிப்பைப் போல நுணுக்கமானவை. பெரிய சாலையிலிருந்தும் ஊரிலிருந்தும் ஆலையிலிருந்தும் குறைந்தது 300 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். சிறு சாலை, தனி வீடு என்றால் 100 மீட்டர். மரக்கிளைகளின் விளிம்பிலிருந்து 3 மீட்டர் விலகிய திறந்த வெளியில் பறிக்க வேண்டும். இலைகளிலிருந்து சொட்டும் நீர் கணக்கைக் கெடுத்துவிடும். 50 மீட்டர் நீள அகலச் சதுரத்துக்குள் ஐந்து முதல் பத்துக் கொத்துகள் எடுத்து ஒன்றாகக் கலக்க வேண்டும். கையுறை கட்டாயம். பறிக்கும்போதும் சுத்தம் செய்யும்போதும் புகை பிடிக்கக் கூடாது. புகையிலையிலேயே காட்மியம் உண்டு. பாசியைக் கழுவக் கூடாது. மண்ணும் சருகும் நீக்கி, கடைசி மூன்றாண்டு வளர்ச்சியை மட்டும் பிரித்து, 40 டிகிரி செல்சியஸில் உலர்த்த வேண்டும். எல்லா ஆய்வகங்களுக்கும் பொதுவான ஒப்பீட்டுப் பாசித்தூள் அனுப்பப்படும். அதில் ஒரு ஆய்வகத்தின் எண் பிசகினால் அதன் மற்ற எண்களும் கேள்விக்குள்ளாகும். வீட்டுப் பாசி கிடைக்காத நாடுகளில் புளூரோசியம், ஹிப்னம் போன்ற வேறு இனங்களுக்கும் அனுமதி உண்டு.

கணக்கெடுப்பு மிகத் தெளிவாகக் காட்டிய மாற்றம் ஈயத்தின் வீழ்ச்சி. 1990க்கும் 2005க்கும் இடையில் ஐரோப்பியப் பாசியில் ஈயத்தின் அளவு 70 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. பெட்ரோலில் ஈயம் படிப்படியாக நிறுத்தப்பட்டதே முதன்மைக் காரணம். ஸ்வீடன் 1990களின் நடுப்பகுதியில் முற்றிலும் நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியமும் இந்தியாவும் 2000இல். உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா 2021இல். ஈயம், காட்மியம், பாதரசம் மூன்றின் உமிழ்வையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் 1998இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் கையெழுத்தாகி 2003இல் நடைமுறைக்கு வந்தது. ஆலைகள் தாங்களே எழுதித் தரும் உமிழ்வுக் கணக்கு ஒருபுறம் இருக்க, யாருடைய கணக்கையும் சாராத சாட்சியாகப் பாசி இருந்தது. எண்ணெய் எரிப்பதோடு தொடர்புள்ள வனேடியமும் வெகுவாகக் குறைந்தது. செம்பும் துத்தநாகமும் மெதுவாகவே இறங்கின. பாதரசம் மிகச் சிறிதே குறைந்தது. ஆவியாகக் காற்றில் மாதக்கணக்கில் தங்கி உலகையே சுற்றிவரக்கூடிய உலோகம் அது. ஐரோப்பா தன் ஆலைகளை அடக்கினாலும் வேறு கண்டத்தின் பாதரசம் வந்து சேரும்.

நெடுந்தொலைவுப் படிவோடு தனி ஆலைகளின் தடமும் வரைபடத்தில் துலங்கியது. ஸ்வீடனின் ரொன்ஷேர் உருக்காலை, பின்லாந்தின் ஹார்யவல்டா செம்பு நிக்கல் ஆலை, டோர்னியோவின் குரோமிய ஆலை ஆகியவற்றைச் சுற்றி அந்தந்த உலோகம் வட்டமிட்டு நின்றது. இவையெல்லாவற்றையும் சிறிதாக்கிவிட்டது ரஷ்யாவின் கோலா தீபகற்பம். நிக்கல், மான்செகோர்ஸ்க் ஊர்களின் உருக்காலைகள் வெளியேற்றிய நிக்கலும் செம்பும் கந்தகமும் சுற்றுப்புறக் காடுகளைப் பாலையாக்கியிருந்தன. பின்லாந்து, நார்வே, ரஷ்யா மூன்றின் நிலவியலாளர்களும் சேர்ந்து 1995இல் 1,88,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் 600க்கு மேற்பட்ட இடங்களில் பாசியும் மண்ணும் எடுத்தார்கள். ஆலைகளுக்கு அருகே மலைபோல் உயர்ந்த அளவு, தொலைவு கூடக் கூடச் செங்குத்தாகச் சரிந்தது. உலோகத்தின் பெரும்பகுதி அக்கம்பக்கத்திலேயே விழுந்துவிட்டது. வாயில்லாத காடு பட்ட பாட்டுக்கு எண் கிடைத்தது அப்போதுதான். நிக்கல் ஊரின் உருக்காலை 2020 டிசம்பரில் மூடப்பட்டது.

பாசி சொல்லும் எண்ணை எதற்கு எடுத்துக்கொள்ளலாம், எதற்குக் கூடாது என்பதில் ஆய்வாளர்கள் கறாராகவே இருந்தார்கள். அது காற்றில் உள்ள அளவு அன்று. காற்றிலிருந்து விழுந்து, பாசி பிடித்து வைத்துக்கொண்ட அளவு. மழை அதிகம் பெய்யும் இடத்தில் படிவும் அதிகம். கடலோரத்தில் உப்பின் அயனிகள் பாசியின் பற்றிடங்களுக்குப் போட்டியிட்டுச் சில உலோகங்களைப் பெயர்த்துவிடும். வறண்ட நிலங்களில் புழுதியோடு வரும் இரும்பையும் குரோமியத்தையும் புகைபோக்கியின் கணக்கில் எழுதிவிட நேரும். மாங்கனீசும் துத்தநாகமும் மரங்களின் சத்துச் சுழற்சியிலிருந்தும் பாசிக்கு வந்து சேரும். ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் பாசி நம்பகமான சாட்சி. மற்றவற்றுக்கு ஆளைப் பார்த்து நம்ப வேண்டிய சாட்சி. மனிதர் மூச்சில் எவ்வளவு போகிறது என்பதற்கோ அது நேரடி விடையே தராது. கருவியை எங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று காட்டுவதில்தான் அதன் தனிப் பயன்.

பாசியைச் சாட்சியாக எடுத்துக்கொண்டதற்குத் தமிழ்நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கொடைக்கானலில் 1980களில் தொடங்கிய வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று, பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய பொருள் கடையில் கிடந்தது வெளிப்பட்டதை அடுத்து 2001 மார்ச்சில் மூடப்பட்டது. கழிவு தரையில் கிடந்தது கண்ணுக்குத் தெரிந்தது. காற்றின் வழியே போன பாதரசம் தெரியவில்லை. ஹைதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் அப்பகுதியின் லைக்கனையும் பாசியையும் எடுத்து அளந்து 2003இல் வெளியிட்டார்கள். ஆலைக்கு அருகே கிலோவுக்கு 8 மில்லிகிராம் அளவில் பாதரசம். தொலைவில் உள்ள பேரிஜம் ஏரிப் பக்கத்து மாதிரிகளில் அதற்கு அருகே வரும் அளவு எதுவும் இல்லை. பாதரசம் ஆலையின் மதிலுக்குள் அடங்கியிருக்கவில்லை என்பதற்கு மரப்பட்டையில் ஒட்டிய பாசி சாட்சியாயிற்று. வட இந்தியாவில் குமாவுன் மலைப்பகுதியில் பாசியைப் பெயர்த்துவைத்து உலோகங்களை அளந்த ஆய்வுகள் நடந்துள்ளன. ஆனால் ஐரோப்பாவைப் போலத் தொடர்ச்சியான நாடு தழுவிய கணக்கெடுப்பு இங்கே உருவாகவில்லை. குமரி முதல் இமயம் வரை ஒரே இனப் பாசி தரையெங்கும் கிடைப்பதில்லை. பருவமழை நின்றபின் சமவெளிப் பாசி காய்ந்து வளர்ச்சி நின்றுவிடுகிறது. ஊசியிலைக் காட்டின் நிலைமைக்குப் பிறந்த முறையை அப்படியே எடுத்துவந்து இங்கே பொருத்த முடியாது.

கருவி பார்க்காததைப் பாசி பார்த்த நிகழ்ச்சிகளில் அதிகம் பேசப்பட்டது அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரம். அமெரிக்க வனத்துறையின் ஜெஃப்ரி டோனவனும் சாரா ஜோவனும் 2013 டிசம்பரில் நகரத் தெருமரங்களில் ஆர்த்தோட்ரிக்கம் என்னும் பாசியை 346 மாதிரிகளாகப் பறித்தார்கள். வழக்கமான சந்தேகங்கள் சாலைப் போக்குவரத்தின் மேலும் பெரிய ஆலைகளின் மேலும் இருந்தன. காட்மியம் குவிந்திருந்த இடமோ, கலைப்பொருள்களுக்கு வண்ணக் கண்ணாடி வார்க்கும் பட்டறைகளின் அக்கம்பக்கம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறக் கண்ணாடிக்குக் காட்மியச் சேர்மங்கள் தேவை. சிறிய உலைகள் என்பதால் அவை பெரிய கண்ணாடி ஆலைகளுக்கான கட்டுப்பாட்டுக்குள் வரவில்லை. பாசி காட்டிய இடத்தில் மாநிலச் சுற்றுச்சூழல் துறை 2015 அக்டோபரில் காற்று அளவி வைத்தது. மாநிலம் வகுத்த பாதுகாப்பு வரம்பைப் போலக் காட்மியம் 49 மடங்கு, ஆர்சனிக் 159 மடங்கு. 2016 பிப்ரவரியில் செய்தி வெளியானதும் குடியிருப்போர் கொதித்தெழுந்தனர். பட்டறைகள் அந்தச் சேர்மங்களை நிறுத்தின, வடிகட்டிகள் வந்தன. சிறிய ஆலைகளின் நச்சுக் காற்றையும் உடல்நல அளவுகோலால் கட்டுப்படுத்தும் சட்டத்தை மாநிலம் 2018இல் இயற்றியது. பின்னர் சியாட்டில் நகரின் துவாமிஷ் பள்ளத்தாக்கில், ஆலைகளுக்கிடையே வாழும் குடும்பத்து இளைஞர்களே பயிற்சி பெற்றுப் பாசி பறித்தார்கள். பெரிய செலவில்லாத முறை என்பதால் அது ஆய்வகத்தை விட்டு வெளியே வந்து பாதிக்கப்பட்டவர் கைக்கும் போய்ச் சேர்ந்தது.

பாசிப்பை முறையில் நெடுநாளாக இருந்த குறை, பைக்குள் வைக்கும் பாசி இடத்துக்கு இடம் வேறுபடுவது. தூய காட்டில் பறித்ததாகச் சொன்னாலும் அதில் ஏற்கெனவே ஏதாவது உலோகம் இருக்கும். அதன் அளவும் ஒரே சீராக இராது. 2012 முதல் 2015 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் நடந்த ஒரு கூட்டுத் திட்டம், ஸ்பாக்னம் பாலுஸ்ட்ரே இனத்தின் ஒரே தாய்ச்செடியிலிருந்து ஆய்வகத் தொட்டியில் நகலெடுத்துப் பாசி வளர்த்தது. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ரெஸ்கியின் குழு வளர்த்த அந்தப் பாசியில் தொடக்க உலோக அளவு மிகக் குறைவு; தொகுதிக்குத் தொகுதி வேறுபாடும் குறைவு. கொன்று உலர்த்தி வலைப் பந்துக்குள் அடைத்து அதை எங்கும் தொங்கவிடலாம். ஐரோப்பியக் கணக்கெடுப்போ இன்னும் காட்டில் பறித்த பாசியையே நம்புகிறது. 2005இல் அதில் நைட்ரஜனும், 2010 சுற்றில் எளிதில் சிதையாத கரிம நச்சுகளும் சேர்க்கப்பட்டன. அண்மையில் பாசியில் சிக்கும் நுண் பிளாஸ்டிக் இழைகளையும் எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள்.